கழுவாத பத்தொன்பது கிளாஸ்கள்

த்ராவேர் பள்ளத்தாக்கில் போலீசுக்குப் பயப்படாத ஆண்கள் பலர் உண்டு. பாதிரியாருக்குப் பயப்படாதவர்கள் அதைவிட அதிகம். மார்செலின் யெர்சனுக்குப் பயப்படாதவர் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் ஆள் ஐந்தடி உயரம். கூவே ஊர் ரொட்டிக்கடையின் வண்டியை ஓட்டிக்கொண்டு மலைமேட்டுப் பண்ணைகளுக்கு ரொட்டி கொடுக்கிற வேலை. யாரையும் திட்டியதில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. அவளுடைய மூக்குதான் எல்லாரையும் ஆட்டிவைத்தது.

அங்கே அப்சிந்த் என்கிற மூலிகைச் சாராயம் வடிப்பது தொண்ணூற்றைந்து வருஷம் சட்டவிரோதமாக இருந்தது. அதனால் யாரும் வடிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. துணி வெளுக்கும் அறையில் வடித்தார்கள், கோழிக்கூண்டுக்குப் பின்னால் வடித்தார்கள், கடிகாரப் பட்டறைக்காரர் ஒருவர் விருந்துக்கு வந்த மாமியார் தூங்கிக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையிலேயே வடித்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சரக்கைப்போல உலகத்தில் இல்லை என்று சத்தியம் பண்ணுவார். பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டுவார்தான், ஆனால் அதில் பாதி மரியாதை, மீதி இன்னொரு கிளாஸ் கிடைக்குமா என்கிற ஆசை. உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், இருபத்திரண்டு வயதில், ரொட்டி வண்டியில் ஏறி வந்தாள்.

முதலில் அது தற்செயலாக நடந்ததுதான். ஒரு பண்ணைக்காரர் காபிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். வண்டி ஓட்டுகிறேன், இப்போது வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை, காலி இருமல் மருந்து சீசாவில் ஊற்றிக் கையில் திணித்தார். மறுநாள் ரொட்டி கொடுக்க வந்தவள், உங்கள் சோம்பு மூட்டையில் எலி புகுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போய்விட்டாள். பண்ணைக்காரர் பரணில் ஏறிப் பார்த்தார். மூட்டையின் அடியில் ஓட்டை இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் செய்தி பள்ளத்தாக்கின் இரண்டு முனைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பிறகு வண்டியில் ரொட்டிக் கூடைக்கு அடியில் எப்போதும் மருந்து சீசாக்கள் கலகலத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை வழிமறித்த போலீஸ்காரர் இத்தனை இருமல் மருந்து எதற்கு என்று கேட்டார். மேட்டில் குளிர் அதிகம் என்றாள். அவர் ஒன்றைத் திறந்து முகர்ந்தார், மூடினார். பிறகு, தன் மச்சினன் வீட்டிலும் இந்த இருமல் இருக்கிறது, அடுத்த வாரம் ஒரு சீசா கொண்டுவந்தால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

தீர்ப்புச் சொல்ல அவள் வார்த்தையைச் செலவழிப்பதில்லை. அடுப்படியில் யார் யார் உட்கார்ந்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும். ரொட்டியை மேசைமேல் வைப்பாள், அவ்வளவுதான். நேராக வைத்தால் சரக்கு நன்றாக இருக்கிறது. கவிழ்த்து வைத்தால் கொட்டிவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும், அதனால் அந்தத் தீர்ப்பு நெஞ்சில் தைக்கும். ஒரு பண்ணைக்காரர் கவிழ்ந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு அதைத் தொடவே மாட்டேன் என்று மூன்று நாள் உருளைக்கிழங்கை மட்டும் தின்றார். நாலாம் நாள் அவர் மனைவி பொறுக்காமல் அதை நிமிர்த்தி வெட்டிப் பரிமாறினாள்.

வீட்டில் அவள் ருசி பார்க்கிற முறையே தனி. சாயங்காலம் பாத்திரம் கழுவி, சமையல் வாசனை அடங்கியபின், உயரமான கிளாசில் இரண்டு விரல் அளவு ஊற்றுவாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சாராய நெடி போகுமட்டும் தேய்ப்பாள். மிச்சம் நிற்பது செடிகளின் வாசனை மட்டும். கைகளைக் குவித்து அதில் மூக்கை வைப்பாள். அப்சிந்த் செடி, பெருஞ்சீரகம், ஈசோப்பு, எது புதுசு, எது ஈரத்தில் காய்ந்தது எல்லாம் பாதி அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஊர் நீரூற்றில் பிடித்துவந்த குளிர்ந்த தண்ணீரை நூல்போல விடுவாள். தண்ணீர் இறங்க இறங்க கிளாசின் அடியில் பால் புகையும், மேலே தெளிவாக ஒரு பட்டை நிற்கும், அந்தப் பட்டை மெல்ல ஒடுங்கும். ஒரேயடியாகச் சுண்ணாம்பாய் வெளுத்தால் சோம்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். வெளுக்கவே யோசித்தால் செடியில் சத்து இல்லை. நல்ல சரக்கு நிதானமாகத் திரண்டு கடைசியில் லேசாக நீலம் காட்டும். ஊரில் அதற்கு நீலம் என்றே பெயர்.

பிறகுதான் வாய். சர்க்கரை சேர்க்கமாட்டாள். நாக்கு நுனியில் இனிப்பு வரவேண்டும், நடுவில் குளிர்ச்சி வரவேண்டும், கசப்பு கடைசியாக வந்து, நல்ல விருந்தாளி மாதிரி நேரம் தெரிந்து கிளம்பவும் வேண்டும். நாக்கு மரத்துப்போனால் அன்னாசிப்பூவைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். தொண்டையில் ஈரச்சாக்கு வாடை நின்றால் பேராசை. வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தள்ளிவிட்டு நடுவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும், தள்ளத்தான் மனசு வராது.

இவ்வளவும் ஆனபிறகும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். காலி கிளாசைக் கழுவாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவாள். விடிந்ததும், காபி போடுவதற்கு முன்னால், காய்ந்த கிளாசை எடுத்து முகர்வாள். சாயங்காலம் பேசுவது சாராயம், காலையில் பேசுவதுதான் செடி என்பது அவள் கட்சி. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: நாளைக்குக் காலையில் சொல்கிறேன். அவள் கணவர் ஃபிர்மேனுக்கு அப்சிந்த் வாசனையே ஆகாது, பால் குடிக்கிற மனிதர். ஆனாலும் நாற்பது வருஷத்தில் ஜன்னலில் இருந்த கிளாசை அவர் ஒருமுறைகூடக் கழுவியதில்லை. கழுவியிருந்தால் தனக்கு வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் தடை நீங்கியது. ஊரே கொண்டாடியது. சிலர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள், ஒளித்துக் குடிப்பதில் இருந்த ருசி போய்விட்டதாம். இரண்டு வருஷம் கழித்து வடிப்போர் சங்கம் முதல் பகிரங்கப் போட்டியை அறிவித்தது. புட்டிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ஐந்து நடுவர்கள், இருபதுக்கு மதிப்பெண். சராசரியாகப் பதினாலு வந்தால் பள்ளத்தாக்கின் முத்திரையும் ஜூன் மாதச் சந்தையில் ஒரு கடையும் கிடைக்கும். வராதவர்கள் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், அடுத்த போட்டி அப்போதுதான்.

நடுவர்களில் நாலு பேர் வெளியூர்க்காரர்கள். ஏரிக்கரை ஒயின்காரர் ஒருவர், மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு பேர், ஒரு ஓட்டல் சமையல்காரர். ஐந்தாவது ஆள் மார்செலின். சங்கத்தின் கடிதம் வந்த அன்று அவள் அதை மூன்று முறை படித்தாள், அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். நாற்பது வருஷம் ரொட்டிக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்துச் செய்த காரியத்தைப் பட்டப்பகலில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், தன் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்யப்போகிறாள். அந்த நாற்காலிமேல் அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. புதுக் கோட்டு ஒன்று வாங்கிவந்து, இது எப்படியும் வாங்கவேண்டியதுதான் என்று ஃபிர்மேனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஒரு சிக்கல் இருந்தது. மதிப்பெண்ணை அன்றைக்கே மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலைவரை நேரம் கேட்டு அவள் சங்கத் தலைவர் உலிஸ் பெத்திபியேரிடம் போனாள். உலிஸ் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர், நாற்பது வருஷம் நோட்டரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டியின் விதிகளை அவரே உட்கார்ந்து எழுதியிருந்தார், பெற்ற பிள்ளையைப்போல அவற்றை இடுக்கிக்கொண்டு திரிந்தார். ஒரு ஆளுக்காக விதியை மாற்ற முடியாது, உன்னால் முடியாதென்றால் வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். மார்செலின் ஒத்துக்கொண்டாள். தன் வாழ்க்கையில் அவள் தன் முறையை விட்டுக்கொடுத்தது அந்த ஒருமுறைதான், நாற்காலிக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள்.

சனிக்கிழமை மோத்தியே ஊர்க்கூடத்தில் பத்தொன்பது புட்டிகள் வரிசையாக வந்தன. மார்செலின் தேய்த்தாள், முகர்ந்தாள், தண்ணீர் விட்டாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரொட்டித் துண்டு மென்றாள். நாலாம் எண்ணுக்குப் பத்தொன்பது போட்டாள், அப்படி ஒரு சுத்தமான நீலம் அது. வெளியூர் நடுவர்கள் ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராம் எண்ணை ஊற்றியதும் அவள் முகம் சுளித்தது. சரக்கு பச்சையாக இருந்தது. பச்சைகூட முழுசாக இல்லை, சருகு நிறம் ஏறியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் அப்சிந்த் என்றால் தண்ணீர்போலத் தெளிந்தது. தடைக்காலத்தில் எவனும் நிறம் ஏற்றமாட்டான், பச்சைப் புட்டியை ஒரு மைல் தூரத்திலிருந்தே போலீஸ் கண்டுபிடித்துவிடும். மூன்று தலைமுறையாக ஒளித்து ஒளித்து, ஒளித்ததையே பரம்பரை வழக்கமென்று ஊர் நம்பத் தொடங்கிவிட்டது. பச்சை என்றால் எல்லைக்கு அப்பால் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற சாயத் தண்ணீர், சருகு என்றால் வெயிலில் கெட்டது. மார்செலினும் அந்த ஊர்க்காரிதான். கண் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதற்குப் பின்னால் மூக்கும் நாக்கும் ஆமாம் போட்டன. ஏழு என்று எழுதினாள். பக்கத்தில், "சாயம். பழசு. வெயில் பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அது யாருடைய சரக்கு என்று அவளுக்குத் தெரியாது. பொவெரெஸ் மேட்டில் ஆடு வளர்க்கிற யோலாந்த் பார்லேயுடையது அது. தடைக்கு முன்னால் தன் வீட்டில் யாரோ எழுதிவைத்த சமையல் நோட்டு ஒன்றைப் பார்த்து, அந்தக் காலத்துப் பச்சையை அவள் மறுபடி வடித்திருந்தாள். வடித்த தெளிவில் சின்ன அப்சிந்த் செடி, ஈசோப்பு, எலுமிச்சை மணக்கிற ஒரு இலை மூன்றையும் ஊறவைத்து எடுத்த பச்சை. குளிர்காலம் முழுக்கப் புட்டியில் இருந்தால் இலையின் பச்சை சருகாக மாறும், சாயம்தான் மாறாது. செம்புக் கொப்பரை வாங்க அவள் பாதி ஆடுகளை விற்றிருந்தாள். இன்னும் மூன்று வருஷம் தள்ள மீதி ஆடுகள் போதாது.

ஐந்து மணிக்குத் தாள்களைக் கொடுத்தபின் மார்செலின் ஒரு ரொட்டித் தட்டைக் கேட்டு வாங்கி, தன் பத்தொன்பது கிளாசையும் அதில் அடுக்கினாள். ஒயின்காரர் சிரித்தார். உலிஸ் சிரிக்கவில்லை, கிளாஸ்களை எண்ணி எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவள் ஜன்னலுக்குப் போனாள். மதிப்பெண் போட்டாகிவிட்டது, இனி முகர்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பத்துவரை ஒவ்வொரு கிளாசும் நேற்றுச் சொன்னதையே சொன்னது. நாலாவது காலையிலும் சுத்தமாக இருந்தது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பதினோராவதை எடுத்தாள்.

சாயத்துக்குக் காலையில் வாசனை இருக்காது. வெயிலில் கெட்டது அட்டைப்பெட்டி நாற்றம் நாறும். இந்தக் கிளாசில் மழை விட்ட புல்வெளி இருந்தது. ஈசோப்பு தனியாக நின்றது, எலுமிச்சை இலை தனியாக நின்றது, அடியில் தேன்மெழுகு மாதிரி ஒன்று. நாற்பது வருஷத்தில் எந்தக் கிளாசும் காலையில் இப்படி மணத்ததில்லை. அடியில் காய்ந்திருந்த பச்சை வளையத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இலை. சாயமே இல்லை. கிளாசைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஃபிர்மேன் பால் கோப்பையோடு வந்து என்னாச்சு என்று கேட்டார்.

"ஒருத்தரக் கெடுத்துட்டேன்."

"யார?"

"தெரியல. பதினொண்ணு."

அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதருக்கு அப்சிந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, மார்செலினைப் பற்றி எல்லாம் தெரியும்.

வழியில் ரொட்டிக்கடை திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டியை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு உலிஸ் வீட்டு மணியை அடித்தாள். அவர் சட்டைக் காலருக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு மணிக்குப் பரிசளிப்பு. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார், தலையை ஆட்டினார்.

"மார்க் போட்டாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு, கவர ஒட்டியாச்சு. ஆறாவது விதி, மார்செலின். கடவுளே வந்து கேட்டாலும் மாத்த முடியாது."

"நானும் மாத்தச் சொல்லல. ஒன்பதாவது விதியப் படி."

அவருக்குப் படிக்க வேண்டியதில்லை, எழுதியவரே அவர்தான். தனக்கு அறிவில்லாத வகையைத் தீர்ப்பிட்டதாக ஒரு நடுவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு விலகினால், அவர் போட்ட எல்லா மதிப்பெண்களும் நீக்கப்படும், அவர் மறுபடி எந்நாளும் நடுவராக முடியாது, அவருடைய கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்படும். ஏரிக்கரை ஒயின்காரர் ஏதாவது உளறினால் துரத்துவதற்காக உலிஸ் ஆசை ஆசையாக எழுதிய விதி அது. அதில் போய் மார்செலின் தலையைக் கொடுப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அவள் தன்னுடையதை எடுத்துவிட்டால் பதினோராம் எண் தேறுமா என்று கேட்டாள். அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்றார்.

"தேறலன்னா நீ போனதும் வீண்தானே" என்றார் பிறகு. "யோசிச்சுப் பாரு. ஊரே உன் வாய்க்குப் பயப்படுது. எனக்குத் தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு எவன் உன்ன நம்புவான்?"

அவள் கூடையிலிருந்து துணியில் சுற்றிய கிளாசை எடுத்து நீட்டினாள். உலிஸ் முகர்ந்தார். மூக்கை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தார். பிறகு உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

கடிதம் மூன்று வரிதான். பச்சை அப்சிந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் தீர்ப்புச் சொன்னேன். விலகுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடையிலிருந்த ரொட்டியை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். உலிஸின் கை தானாக அதை நிமிர்த்தப் போனது.

"விடு" என்றாள். "அது எனக்குத்தான்."

பன்னிரண்டு மணிக்கு ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. மார்செலின் புதுக் கோட்டோடு கடைசி வரிசையில் ஃபிர்மேன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் அவள் நாற்காலி காலியாக இருந்தது, பெயர் அட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள். உலிஸ் கடிதத்தை வாசித்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை, புரிந்ததும் தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. முன் வரிசையில் ஒரு ஆள், "கிழவிக்கு மூக்கு போச்சுடா" என்றான், மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. மார்செலின் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

எண்கள் வரிசையாக வந்தன. அவள் போட்ட பத்தொன்பது மார்க் போனதில் நாலாம் எண் முதல் பரிசிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியது. அது பூட் ஊர் பால்காரருடையது, அவர் அதற்குப்பின் ஆறு மாதம் அவள் வீட்டுக்கு முதல்நாள் பாலைத்தான் விற்றார். எட்டு, ஒன்பது, பத்து.

"பதினோராம் எண். பதினாலரை. முத்திரை உண்டு" என்று வாசித்தார் உலிஸ். விதிப்படி அங்கே அவர் நிறுத்தக் கூடாது, இருந்தாலும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். தோளில் சால்வை, காலில் பண்ணை பூட்ஸ். அப்போதுதான் மார்செலினுக்கு அது யாரென்று தெரிந்தது. போய்ப் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது கிளாஸ்களையும் கழுவித் துடைத்துச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பினாள்.

அந்த வாரம் ரொட்டி வண்டியில் சத்தமே இல்லை. மேட்டுப் பண்ணைகளில் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், ரொட்டி வாங்கினார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர்கூட மருந்து சீசாவை நீட்டவில்லை. நீட்டாததற்கு யார்மேலும் அவளுக்குக் கோபமில்லை, தான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது காலியான ஜன்னல் விளிம்பைப் பார்க்கப் பிடிக்காமல் அங்கே ஒரு பூந்தொட்டியை வைத்தாள். ஃபிர்மேன் அதைப் பார்த்தார், எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் சந்தையில் யோலாந்தின் கடைமுன் வரிசை நின்றது. மார்செலினும் வரிசையில் நின்றாள், முறை வந்ததும் மற்றவர்களைப்போல ஒரு கிளாசுக்கு ஐந்து ஃபிராங்கை வைத்தாள், கோட்டுப் பையிலிருந்து மருந்து சீசாவை எடுத்து நீட்டினாள். யோலாந்த் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

ஞாயிறு காலை ஏழரைக்கு மார்செலின் பொவெரெஸ் மேட்டுக்குக் கார் ஓட்டிப் போனாள். யோலாந்த் ஆடு கறந்துவிட்டு அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். மார்செலின் உட்காரவில்லை. கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து மேசை நடுவில் நேராக வைத்தாள்.

யோலாந்த் ரொட்டியைப் பார்த்தபடியே நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எலுமிச்ச எலையக் கொஞ்சம் கொறச்சிக்கோ" என்றாள் மார்செலின். "மத்தபடி நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அந்த ஏழுக்கு மன்னிச்சிடு."

அவள் கதவுவரை போய்விட்டாள். யோலாந்த் கூப்பிட்டு நிறுத்தினாள், அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு எதையோ தேடினாள். வந்தபோது கையில் பழைய இருமல் மருந்து சீசா ஒன்று இருந்தது. உள்ளே பச்சை, இலையின் புதுப் பச்சை.

"மதாம் யெர்சன், இது போன வாரம் வடிச்சது. பாத்துச் சொல்றீங்களா?"

"அந்தக் கடுதாசிய நீ கேக்கலியா? எனக்குப் பச்சையப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு ஊரறிய எழுதியிருக்கேனே."

"கேட்டேன்" என்றாள் யோலாந்த். "அதனாலதான் உங்ககிட்டக் குடுக்கறேன்."

மார்செலின் சீசாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். உடனே இறக்கிவிட்டாள். இந்தத் தடவை கண்ணை நம்புவதாக இல்லை. புதுக் கோட்டின் உள்பையில் அதைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"நாளைக்குக் காலையில சொல்றேன்" என்றாள்.